எந்தத் தாரை எட்டிப் பாயும்?

நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடும் என்ற பாடத்துக்கு அருகே ஒரு படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உயரமான பாத்திரம் ஒன்று; அதன் பக்கத்தில் மேலும் கீழுமாக மூன்று துளைகள். மேல்துளை நீர் பக்கத்திலேயே விழுகிறது. நடுத்துளை நீர் சற்றுத் தள்ளி விழுகிறது. அடித்துளை நீரோ எல்லாவற்றையும் விட எட்டிப் பாய்கிறது. தேர்வில் இதை வரைந்து மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் இதைச் செய்தே பார்த்துவிடுங்கள்.

மேல்பக்கம் வெட்டிய பழைய சதுர எண்ணெய் டின் ஒன்று போதும். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். அதை மடித்துத் தட்டித் தரும்படி வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அடியிலிருந்து 8, 16, 24 செ.மீ. உயரங்களில் மெல்லிய ஆணியால் ஒரே பக்கத்தில் துளையிடுங்கள். ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்று வேண்டாம். விரற்கடை விலகியிருந்தால் தாரைகள் ஒன்றோடொன்று மோதா. உள்ளே 32 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். டின்னைச் சமதரையில் வைத்து, துளைகளை விரல்களால் அடைத்து, கோடு வரை நீர் நிரப்பி, விரல்களை எடுங்கள். மட்டம் இறங்காதபடி தம்பியோ தங்கையோ செம்பால் நீர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். அவர்கள் நன்றாக நனைவார்கள், அதற்காக வருந்தமாட்டார்கள். வழியும் நீரைத் தென்னம்பாத்திக்குத் திருப்பிவிட்டால் வீட்டிலும் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

இப்போது அளவுகோலால் அளந்து பாருங்கள். எட்டிப் பாய்வது அடித்துளைத் தாரை அல்ல, நடுத்துளைத் தாரை! அது ஏறத்தாழ 32 செ.மீ. தொலைவில் விழுகிறது. மேல்தாரையும் அடித்தாரையும் ஏறத்தாழ 28 செ.மீ. தொலைவில், அதுவும் இரண்டும் ஒரே தொலைவில் விழுகின்றன. துளையின் பிசிறுகளால் ஓரிரு செ.மீ. குறையலாம், வரிசை மாறாது.

அப்படியானால் ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பது பொய்யா? இல்லை. அடித்துளை நீரே மிக வேகமாக வெளிப்படுகிறது. இதற்கு விதி தந்தவர் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி. பாதரசப் பாரமானியால் நீங்கள் அறிந்த அவரேதான். கலிலியோவின் கடைசி மாதங்களில் அவருடன் இருந்தவர். துளையில் வெளிப்படும் நீரின் வேகம், நீர்மட்டத்திலிருந்து துளை வரை தடையின்றி விழும் ஒரு பொருள் பெறும் வேகத்துக்குச் சமம் என்று 1644-இல் வெளியான தம் நூலில் அவர் கூறினார். அதன்படி நம் டின்னில் மேல், நடு, அடித் தாரைகளின் வேகம் வினாடிக்கு முறையே 125, 177, 217 செ.மீ.

ஆனால் வேகம் மட்டும் போதாது. பாய்வதற்கு நேரமும் வேண்டுமே! அடித்தாரை தரைக்கு மிக அருகில் புறப்படுகிறது. 0.13 வினாடியில் மண்ணைத் தொட்டுவிடுகிறது. மேல்தாரை மெதுவாகக் கிளம்பினாலும் விழுவதற்கு அதற்கு 0.22 வினாடி கிடைக்கிறது. நடுத்தாரைக்கு 0.18 வினாடி. வேகத்தை நேரத்தால் பெருக்கிப் பாருங்கள், நீங்கள் அளந்த தொலைவுகள் வரும்.

இதையே சுருக்கினால்,

தொலைவு = 2 × √(ஆழம் × உயரம்)

ஆழம் என்பது நீர்மட்டத்திலிருந்து துளை வரை. உயரம் என்பது துளையிலிருந்து தரை வரை. 8 × 24, 24 × 8 இரண்டும் ஒன்றுதானே? 16 × 16 அவற்றை விடப் பெரியது. புவிஈர்ப்பு முடுக்கம் கணக்கிலிருந்தே அடிபட்டுப் போவதைக் கவனியுங்கள். நிலவிலும் தாரைகள் இதே தொலைவில்தான் விழ வேண்டும். காற்றில்லாத அங்கே திறந்த டின்னில் நீர் நிற்காது என்பது வேறு விஷயம்!

இனி டின்னை 30 செ.மீ. உயரமுள்ள முக்காலியின் ஓரத்தில் வையுங்கள். மேல், நடு, அடித் தாரைகள் முறையே 42, 54, 60 செ.மீ. தொலைவில் விழும். புத்தகப் படம் சரியாகிவிட்டது! அந்தப் படங்கள் பலவற்றில் தரை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. குழப்பமெல்லாம் அதனால் வந்ததுதான். ஆகவே தேர்வில் பாத்திரத்தை ஒரு முக்காலியின் மேல் வரைந்து, கீழே தரைக்கோட்டையும் போடுங்கள். எந்த ஆசிரியரும் குறை காண முடியாது.

முக்காலிக்குப் பதிலாக, சரியாக 8 செ.மீ. உயரமுள்ள மரக்கட்டை மேல் டின்னை வைத்தால் இரண்டு தாரைகள் ஒரே தொலைவில் விழும். எந்த இரண்டு? முதலில் தாளில் கணக்கிட்டுவிட்டு, பிறகு விரலை எடுங்கள்.