முகப்பருவும் மனக்கவலையும்



பரீட்சை நெருங்கும் காலத்தில் நம் வீடுகள் பலவற்றில் இதைக் காணலாம். உயர்தர வகுப்பில் படிக்கும் மகன் ரியூசனுக்குப் போகுமுன் கண்ணாடி முன்னே நெடுநேரம் நிற்கிறான். மகள் ஞாயிறு பூசைக்கு வந்தாலும் கடைசி வாங்கில் ஒதுங்கிக்கொள்கிறாள்; வாசகம் வாசிக்க அழைத்தால் தொண்டை நோகிறது என்கிறாள். விசாரித்துப் பார்த்தால், எல்லாம் முகத்திலுள்ள பருவினால் வந்தது. “இதுவும் ஒரு வருத்தமா?” என்று பெரியவர்களாகிய நாம் சிரித்துவிடுகிறோம். நமக்குச் சிரிப்பு, பிள்ளைக்கோ அது நித்திரை கெடுக்கும் துன்பம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். கெட்ட நினைவுகளால், தனிமையில் செய்யும் பாவத்தால் பரு வருகிறது என்ற பேச்சு நம்மிடையே இன்னும் உண்டு. இதை நம்பி, தன் பாவம் ஊருக்கெல்லாம் முகத்தில் எழுதிக் காட்டப்படுகிறது என்று உள்ளம் நொந்துபோகும் பிள்ளைகள் உள்ளனர். இது முற்றிலும் பொய். பருவ வயதில் உடலில் சுரக்கும் ஹோர்மோன்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மயிர்த்துளையின் வாய், எண்ணெயாலும் இறந்த தோற்கலங்களாலும் அடைபடுகின்றது. அங்கே வழக்கமாகவே வாழும் பக்ரீரியா பெருகுகிறது. துளை சிவந்து வீங்குகிறது. பரு என்பது இவ்வளவே. கரும்புள்ளியின் கறுப்புங்கூட அழுக்கன்று. தோலின் நிறப்பொருள் காற்றுப் பட்டுக் கறுத்ததாகும். நற்கருணை வாங்க வரும் எவருடைய முகமும் அவருடைய ஆத்துமத்தின் கணக்குப் புத்தகமன்று.

அப்படியானால் மனக்கவலைக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, ஆனால் அது குற்றத்தின் தொடர்பன்று. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 22 மாணவரைப் பரீட்சைக் காலத்திலும் ஏனைய காலத்திலும் சோதித்து, 2003ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். உணவிலும் நித்திரையிலும் வந்த மாற்றங்களைக் கணக்கில் எடுத்த பின்னரும், மனஅழுத்தம் கூடியவர்களுக்குப் பருவும் கூடியிருந்தது. நம்முடையதைப் போன்ற வெக்கையும் ஈரமும் உள்ள சிங்கப்பூரில், 94 பாடசாலை மாணவரிடம் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. அங்கும் பரீட்சை நெருக்கத்தில் சிவந்த பருக்கள் கடுமையாயின. ஆனால் எண்ணெய்ச் சுரப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை! ஆகவே சவர்க்காரம் போட்டு நாளுக்குப் பத்துத் தடவை கழுவும் பிள்ளை, தோலை வறட்டிப் புண்ணாக்குவதைத் தவிர வேறு பயன் காணாது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, வியர்த்து வந்தால் இன்னொரு முறை, காரமில்லாத சவர்க்காரத்தால் மெதுவாகக் கழுவினாற் போதும்.

கவலைப்படும்போது உடல் கோர்ட்டிசோல் முதலிய பொருள்களைச் சுரக்கின்றது. தோலும் அவற்றுக்குச் செவிகொடுக்கிறது. அதோடு, கவலையுள்ள கை சும்மா இருப்பதில்லை. புத்தகத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பருவைக் கிள்ளும். கிள்ளியது காய்ந்து கருந்தழும்பாகும், தழும்பு கண்ணாடியில் தெரியும், கவலை இரட்டிக்கும். நம் மாநிறத் தோலில் இந்தக் கருமை மறையப் பல மாதம் செல்லும். ஆயினும் குழியாகாத கருமை பெரும்பாலும் மங்கிவிடும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

உணவைப் பற்றி நம் ஊரில் வேண்டாத பழி ஒன்று உண்டு. மீனும் தேங்காயுமே பருவுக்குக் காரணம் என்று வாவிக்கரையில் வாழும் பிள்ளையின் கோப்பையிலிருந்து மீன்துண்டை எடுத்துவிடும் அம்மம்மாமார் உள்ளனர். பப்புவா நியூகினியில் கித்தாவா என்றொரு தீவு. அங்குள்ளோர் கிழங்கு, பழம், மீன், தேங்காய் உண்டு வாழ்பவர்கள். சுமார் 1200 பேரைப் பரிசோதித்த ஆய்வாளர்கள் ஒருவர் முகத்திலும் பரு காணவில்லை என்று 2002இல் எழுதினர். பரம்பரையும் இதில் ஒரு பங்காக இருக்கலாம். எனினும் மீனையும் தேங்காயையும் விட்டுவிட்டு, சீனி கரைத்த தேநீர், பணிஸ், சோடா ஆகியவற்றைக் குறைப்பதே அறிவு. ரியூசன் இடைவேளைகளில் பிள்ளைகள் உண்பது இவற்றைத்தானே!

இனி மிக ஆபத்தான விடயம். ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்கச் செய்யும் என்று கைமாறி வரும் கிறீம்கள். சிலவற்றில் வீரியமான ஸ்ரீரோயிட் மருந்து கலந்திருக்கிறது; முதலில் பரு அடங்கியது போலத் தோன்றும், பின்பு தோல் மெலிந்து, நிறுத்தியவுடன் முன்னிலும் மோசமாகப் பொங்கும். வேறு சிலவற்றில் பாதரசம். அது சிறுநீரகத்தையே தாக்கும். எலுமிச்சம்புளி, பற்பசை பூசி வெயிலில் போவதும் தோலை எரிக்கும். பெட்டியில் மருந்தின் பெயர் இல்லாத எதையும் பிள்ளையின் முகத்தில் பூச விடாதீர்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. அரச வைத்தியசாலையில் பணம் கேட்பதில்லை. பென்சோயில் பெரொக்சைட், அடப்பலீன் போன்ற பூச்சு மருந்துகள் நல்ல பலன் தருவன. ஆனால் ஆறு முதல் எட்டு வாரமாவது பொறுக்க வேண்டும். பத்தாம் நாளே சரிவரவில்லை என்று விட்டுவிடுவோர்தான் அநேகர். கடும் பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் குளிசை கருவிலுள்ள சிசுவைக் கொடிதாகப் பாதிக்கும். வைத்தியரின் மேற்பார்வையின்றி அதை ஒருபோதும் எடுக்கலாகாது. பெண்பிள்ளைக்குப் பருவுடன் மாதவிலக்கும் ஒழுங்கின்றி, முகத்தில் உரோமமும் வளருமாயின் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தோலைக் குறித்த வெட்கம் மனிதரை என்ன செய்யும் என்பதை இப்பகுதியினர் அறிவோம். நம் வாவியிலுள்ள மாந்தீவில்தான் தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்தார்கள். இன்று அந்நோயும் மருந்தால் முற்றாக மாறுகிறது. பரு ஒட்டும் நோயே அன்று. இருந்தும் ஒரு பிள்ளை தன் சொந்த வீட்டுக்குள்ளே தனித்தீவாகிவிடுகிறது. அப்படி ஆக்குவது பெரும்பாலும் நம் வாய். “கலியாணம் பேசுற வயசில இதென்ன முகம், புள்ள?” என்று உறவினர் கேட்கையில், தாய் அந்தப் பேச்சை அங்கேயே மறித்துவிட வேண்டும். ஆண்டவர் இருதயத்தையே பார்க்கிறார் என்ற சாமுவேல் ஆகமத்துப் போதனை பொன்னானதுதான். ஆனால் அழும் பிள்ளையின் வாயை அடைக்க அதை எடுத்து வீசாதீர்கள். கிறிஸ்து நாதர் தொழுநோயாளியிடம் தோல் ஒரு பொருட்டல்ல என்று சொல்லவில்லை. அவனைத் தொட்டார், குணமாக்கினார்.

பரீட்சை மாதத்தில் பிள்ளையை நள்ளிரவு தாண்டி விழிக்க வைக்காதீர்கள். குடும்பச் செபமாலையை நேரத்தோடு சொல்லி முடியுங்கள். கச்சான் காற்று ஓய்ந்த மாலையில் அரை மணி நேரம் வாவிக்கரையோரம் நடக்க விடுங்கள். படிப்பு அதனால் கெட்டுவிடாது. அதன் பின்னும் பிள்ளை உண்ணாமல், உறங்காமல், எவரையும் சந்திக்க மறுத்து, வாழ்வே வேண்டாம் என்று பேசுமாயின், அதைப் பருவைப் பற்றிய சிணுங்கல் என்று தள்ளாமல் அன்றைக்கே வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். இரவு வேளையானால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.