பகுதிநேர எம்.பி.ஏ.வில் சேருமுன் கடையில் படிக்க வேண்டிய பாடங்கள்



நம் பிள்ளைகளில் பலர் இன்று பட்டம் பெற்ற பிறகே கல்லாவில் வந்து அமர்கிறார்கள். ஓரிரு ஆண்டுகள் கழிந்ததும், "கடையையும் பார்த்துக்கொண்டு எம்.பி.ஏ. படிக்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். நம்மில் சிலர், "வியாபாரத்தைப் புத்தகத்தைப் பார்த்தா படிப்பார்கள்?" என்று வாயை அடைத்துவிடுகிறோம். வேறு சிலர், "சரி, பணத்தைக் கட்டிவிடு" என்று சொல்லிவிட்டு மறுநாளே அதை மறந்துவிடுகிறோம்.

நாங்கள் இரண்டாவது வகை. எங்கள் இளைய மகன் மாலை வகுப்பில் சேர்ந்தான். பணம் கட்டியதோடு எங்கள் கடமை தீர்ந்தது என்று இருந்தோம். வகுப்பில் இருப்பவனை, "அந்த லாரி வந்ததா? இந்தப் பாக்கி வசூலாயிற்றா?" என்று தொலைபேசியில் கூப்பிட்டோம். தீபாவளி வியாபாரத்தில் மூன்று வாரம் வகுப்புக்கே அனுப்பவில்லை. வருகைப் பதிவு குறைந்தது. இரண்டாம் பருவத்தில் படிப்பை விட்டுவிட்டான். கட்டிய பணம் போனது பெரிதல்ல. அதன்பின் இரண்டு ஆண்டுகள், எந்தப் புதுக் காரியத்தைச் சொன்னாலும், "எனக்குப் படிப்பு வராது, விடுங்கள்" என்றான். அந்தச் சொல்லை அவன் வாயில் வைத்தவர்கள் நாங்களே.

பின்னர் தொலைநிலைக் கல்வியில் மறுபடி சேர்ந்தான். ஆனால் இம்முறை சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே ஆயத்தத்தைத் தொடங்கினோம். அந்த ஆறு மாதத்தில் கற்றதை நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று பாடமாக இங்கே தருகிறோம்.

பாடம் 1: எதில் சேர்வது?

எம்.பி.ஏ. என்ற பட்டப்படிப்பு 1908-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் தொடங்கியது. நம் நாட்டில் 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் ஏற்பட்டன. கடையை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு இன்று மூன்று வழிகள் உள்ளன: மாலை அல்லது வார இறுதி வகுப்பு, தொலைநிலைக் கல்வி, இணையவழிக் கல்வி. 1985-இல் ஏற்பட்ட இக்னோ எனும் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் ஏற்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தொலைநிலையில் கற்பிப்பதற்கென்றே அமைந்தவை.

தொலைநிலைப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்று பலர் கேட்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தரும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடி வகுப்புப் பட்டத்துக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்துள்ளது. இதில் 'அங்கீகாரம் பெற்ற' என்பதுதான் முக்கியமான சொல். எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தலாம் என்ற பட்டியல் மானியக் குழுவின் இணையதளத்தில் இருக்கிறது. சேரும் ஆண்டுக்கும் பருவத்துக்கும் உரிய பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கின்றனவா என்று நாமே பார்த்துவிட வேண்டும். கட்டணத்தை இடையில் நிற்பவர் கையில் கொடுக்காமல் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே செலுத்த வேண்டும். சரக்கு வாங்கும்போது மாதிரி பார்க்காமல் முன்பணம் கொடுப்போமா? இதுவும் அப்படித்தான்.

பாடம் 2: நேரக் கணக்கு

ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு என்று இக்னோ கணக்கிடுகிறது. 4 கிரெடிட் கொண்ட ஒரு பாடத்துக்கு 120 மணி. ஆறு மாதப் பருவத்தில் அப்படி 4 பாடம் எடுத்தால் 480 மணி. 26 வாரத்தால் வகுத்தால், வாரம் 18 மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதல். ஒரே பருவத்தில் அதைவிட அதிகப் பாடங்கள் இருந்தால் மணியும் கூடும்.

இந்த 18 மணி எங்கிருந்து வரும்? காலையில் இரண்டு மணி வீதம் ஆறு நாள்; ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி. இதைச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் நடக்காது. சேருமுன்பே மூன்று மாதம் பழகிப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் எதையாவது படிக்கட்டும். செய்தித்தாளின் வணிகப் பக்கமானாலும் சரி. உட்காரும் பழக்கம் வருகிறதா, அந்த நேரத்தில் கடை அவனை விட்டுவைக்கிறதா என்பதுதான் சோதனை.

எங்கள் மண்டியில் பழகிப் பார்த்தபோதுதான் ஓர் உண்மை தெரிந்தது. கிடங்குச் சாவி, வசூல் நோட்டு, வங்கிக் காசோலை மூன்றும் அவன் ஒருவன் கையில் இருந்தன. அவன் இரண்டு மணி நேரம் இல்லையென்றால் கடை நின்றது. ஆகவே வசூல் நோட்டைக் கணக்குப்பிள்ளையிடமும், வங்கி வேலையை மருமகளிடமும் ஒப்படைத்தோம். சாவியை நாங்களே வாங்கிக்கொண்டோம்.

அடுத்தது நாட்காட்டி. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு என நம் ஆண்டுக்கு ஒரு வரிசை உண்டு. இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கின்றன. ஒப்படைப்புக் கட்டுரைகளுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் தனித்தனிக் கடைசித் தேதிகள் உண்டு. இவை அனைத்தையும் கல்லாவுக்கு மேல் தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவிட வேண்டும். தீபாவளி நெருக்கடியில் ஒரு கடைசித் தேதி தவறினால் ஆறு மாதம் பின்தங்கும்.

பாடம் 3: சொந்தப் பேரேட்டில் நான்கு கணக்குகள்

புத்தகம் வாங்குமுன் நம் கடைக் கணக்கைக் கொண்டே பாதிப் பாடத்தைப் பழகலாம். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம் விற்பனையும் கொள்முதலும் கணினியில் ஏறிவிடுகின்றன. அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு கீழ்க்கண்ட நான்கையும் பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும்.

முதற் கணக்கு, இலாப விகிதம். 100 ரூபாய்க்கு வாங்கி 125-க்கு விற்றால் இலாபம் எத்தனை சதம்? முதலின் மேல் 25 சதம். விற்பனையின் மேல் 20 சதம்தான். வகுப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் சொல்வார்கள்: முன்னது 'மார்க்-அப்', பின்னது 'மார்ஜின்'. இந்த வேறுபாடு தெரியாமல், "25 சதம் இருக்கிறதே, 22 சதம் தள்ளுபடி தரலாம்" என்று விற்றால், 125-இல் 22 சதம் போக 97 ரூபாய் 50 காசு வரும். அடக்க விலையே தேறாது.

இரண்டாம் கணக்கு, ரொக்கத் தள்ளுபடி. 1,00,000 ரூபாய் பில்லுக்கு 10 நாளில் கொடுத்தால் 2 சதம் தள்ளுபடி, இல்லையேல் 30 நாள் தவணை என்கிறார் கம்பெனிக்காரர். தவணையே மேல் என்று நாம் இருந்துவிடுகிறோம். உண்மையில், 98,000 ரூபாயை மேலும் 20 நாள் கையில் வைத்திருக்க 2,000 ரூபாய் கொடுக்கிறோம். ஆண்டுக் கணக்கில் இது 37 சத வட்டிக்கு மேல். வங்கியில் 12 சத வட்டிக்கு ஓவர் டிராஃப்ட் எடுத்து 10-ஆம் நாளே கட்டினால், 20 நாள் வட்டி சுமார் 644 ரூபாய். மிச்சம் 1,356 ரூபாய் நமக்கு.

மூன்றாம் கணக்கு, எவ்வளவு வாங்குவது. உப்பு மூட்டை ஆண்டுக்கு 3,600 போகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு முறை வரவழைக்கும்போதும் எத்தனை மூட்டையானாலும் ஆகும் செலவு 500 ரூபாய். ஒரு மூட்டையை ஓராண்டு வைத்திருக்க வட்டி, வாடகை, சேதாரம் சேர்த்து 40 ரூபாய். 3,600-ஐ 500-ஆல் பெருக்கி, இரண்டால் பெருக்கி, 40-ஆல் வகுத்தால் 90,000. அதன் வர்க்கமூலம் 300. அதாவது 300 மூட்டையாக ஆண்டுக்கு 12 முறை வாங்கினால் மொத்தச் செலவு 12,000 ரூபாய். 100 மூட்டையாக வாங்கினாலும், 900 மூட்டையாக வாங்கினாலும் 20,000 ஆகும். ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் 1913-இல் எழுதிய சூத்திரம் இது.

இந்த இடத்தில் நம் அனுபவத்துக்கும் வேலை இருக்கிறது. சூத்திரம், விலை ஆண்டு முழுவதும் ஒன்றே என்று வைத்துக்கொள்கிறது. ஐப்பசி மழையில் உப்பளத்தில் வேலை நின்றால் விலை ஏறும் என்பது நமக்குத் தெரியும். மழைக்கு முன் கூடுதலாக வாங்கி வைப்பவர் சூத்திரத்தை மீறினாலும் கெட்டிக்காரரே. புத்தகம் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று வகுப்பில் கேட்கத் தெரிந்த மாணவனாக நம் பிள்ளை போகலாம்.

நான்காம் கணக்கு, கடன் வாடிக்கை. எங்கள் மகன் இதைப் போட்டபோது எங்களுக்கே கோபம் வந்தது. எங்களிடம் அதிகம் வாங்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் மாதம் 3 லட்சத்துக்குச் சரக்கு எடுப்பார். 3 சதம் இலாபம்; மாதம் 9,000 ரூபாய். அவர் பணம் தர 90 நாள் ஆகும். ஆகவே எந்நேரமும் 9 லட்சம் அவரிடம் நிற்கும். 12 சத வட்டிப்படி 9 லட்சத்துக்கு மாத வட்டியும் 9,000 ரூபாய். "அப்பா, இருபது வருஷமாக இவருக்கு நாம் சும்மா சரக்குப் போட்டிருக்கிறோம்" என்றான்.

"நேற்று வந்தவன் நீ, அவர் எங்கள் பழைய வாடிக்கை" என்று பேரேட்டை மூடினோம். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் நாங்களே அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டோம், தப்பு இல்லை. பின்பு அவரைச் சந்தித்துப் பேசி, 45 நாளுக்குள் தருவதாக ஒப்புக்கொள்ள வைத்தோம். வாடிக்கை முறியவில்லை. எங்கள் மகனும் அதற்குப் பின், "எனக்குப் படிப்பு வராது" என்று சொன்னதில்லை.

பாடம் 4: ஆங்கிலமும் கணினியும்

பெரும்பாலான எம்.பி.ஏ. பாடங்கள் ஆங்கிலத்தில்தான். தமிழில் படித்து வந்த பிள்ளைகள் இதில் தயங்குகிறார்கள். பொருள் தெரிந்தவனுக்குப் பெயர் பழகுவது கடினமில்லை. ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதச் சொல்லுங்கள். 'ஒர்க்கிங் கேபிடல்' என்பது நம் கடையில் சுழலும் முதல். 'ரிசீவபிள்' என்பது வரவேண்டிய பாக்கி. 'இன்வென்டரி' என்பது கையிருப்புச் சரக்கு. 'பேலன்ஸ் ஷீட்' என்பது நம் முன்னோர் போட்ட ஐந்தொகை. நாளுக்கு ஐந்து சொல் வீதம் ஆறு மாதத்தில் 900 சொல் ஆகும். அதோடு, தினம் ஒரு பக்கம் கையால் ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும். தேர்வில் மூன்று மணி நேரம் எழுதக் கை பழகியிருக்க வேண்டும்.

கணினியில் எக்செல் கட்டாயம் தெரிய வேண்டும். கூட்டல், சதவிகிதம், வரிசைப்படுத்துதல், வட்டிக் கணக்கு ஆகியவை போதும். மேலே சொன்ன நான்கு கணக்குகளையும் எக்செல்லில் போட்டாலே பயிற்சி முடிந்தது.

பாடம் 5: பெரியவர்களுக்கு

கடைசிப் பாடம் நமக்கு. பிள்ளை படிக்க உட்காரும் நேரத்தில் கடையிலிருந்து அழைப்பதில்லை என்று வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுக்க வேண்டும். மருமகளோ மகளோ படிப்பதானால் அடுப்படி வேலைக்கும் இதே விதிதான். கட்டணம், புத்தகம், பயணம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டுத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். வியாபார முதலில் கைவைத்துப் படிக்க வைத்தால் மந்தமான மாதத்தில் படிப்பைத்தான் முதலில் நிறுத்துவோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேரேட்டைத் திறந்து காட்ட வேண்டும். எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளை கேள்வி கேட்கும். "இந்தச் சரக்கை ஏன் வைத்திருக்கிறோம்? இவருக்கு ஏன் இவ்வளவு கடன்?" என்று கேட்கும்போது, நம்மைக் குறை சொல்வதாக எண்ணினால் அன்றோடு படிப்பின் பயன் நின்றுவிடும். நாம் இத்தனை ஆண்டு கட்டிக்காத்த கடையைக் கேள்வி கேட்கத் தெரிந்தவன் கையில் கொடுக்கிறோமா, சொன்னதைச் செய்பவன் கையில் கொடுக்கிறோமா என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அடுத்த கல்விப் பருவத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்க எண்ணும் உறுப்பினர்கள் நான்காம் கணக்கை மட்டுமாவது இந்த வாரமே தங்கள் பேரேட்டில் போட்டுப் பாருங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போடுங்கள்.