மேஜைக்குக் கீழே குனியுங்கள்

எங்கள் பட்டறை ரம்பத்தை அப்பா 1987-இல் வாங்கினார். அப்போதே அது செகண்ட் ஹேண்டு. வார்ப்பிரும்பு மேஜை, 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 12 அங்குல பிளேடு. காரைக்குடிப் பக்கம் இடிபடும் வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்குதான் எங்கள் பிழைப்பு. அந்த உத்தரங்களையும் நிலைகளையும் இத்தனை வருஷமாக அறுத்துத் தள்ளிய மெஷின் அது.

அறுப்பு சரியில்லை என்றால் எல்லோருக்கும் முதலில் பிளேடு மேல்தான் சந்தேகம் வரும். எனக்கும் அப்படித்தான். தேக்கின் ஓரம் கருகுகிறது, அறுத்த முகத்தில் அலை அலையாகக் கோடு விழுகிறது என்று ஒரே வருஷத்தில் மூன்று கார்பைடு பிளேடு வாங்கினேன். கருகல் நிற்கவே இல்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேஜைக்குக் கீழே குனிந்தேன். (கட்டை பையில்தான் இருக்க வேண்டும். மேஜை மேல் வைத்தால் யாராவது நல்ல பிள்ளை எடுத்து மாட்டிவிடுவான்.)

பெல்ட்டைக் கழற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றினேன். உள்ளே மணல் கிடப்பது போல நறநறத்தது. மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் லேசாக 'கடக்' என்றது. பேரிங் போயிருந்தது. 6205 நம்பர், கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. இரண்டு பக்கமும் இரும்பு மூடி போட்டது ஒன்று, ரப்பர் சீல் போட்டது ஒன்று என இரண்டு வகை உண்டு. மரத்தூள் பறக்கும் இடத்துக்கு ரப்பர் சீல்தான் சரி. ஷாஃப்டில் ஏற்றும்போது பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும் அடி விழ வேண்டும். அந்த அளவுக்கு ஒரு ஜி.ஐ. பைப் துண்டு வைத்துத் தட்டினால் போதும். வெளிவளையத்தில் சுத்தியலைப் போட்டு, புது பேரிங் ஒன்றை மாட்டும் முன்பே நான் கெடுத்திருக்கிறேன்.

பேரிங் மாற்றியதும் அலைக்கோடு போனது, கருகல் போகவில்லை. அதற்குக் காரணம் வேறு. மேஜையில் நீளவாக்கில் ஓடும் காடிக்கும் பிளேடுக்கும் நேர் இல்லை. இதைப் பார்க்க டயல் கேஜெல்லாம் வேண்டாம். ஒரு பல்லில் சாக்பீஸால் குறியிடுங்கள். அந்தப் பல் முன்னால் இருக்கும்போது காடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று மூலைமட்டத்தை வைத்து அளந்து பாருங்கள். பிறகு பிளேடைக் கையால் திருப்பி, அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளந்து பாருங்கள். வேறு பல்லில் அளந்தால் பிளேடின் நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். எங்கள் மெஷினில் வித்தியாசம் அரை நூல். பேரிங் கட்டைகளின் நான்கு போல்ட்டையும் தளர்த்தி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி, அளந்து அளந்து நேராக்க அன்று சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் அறுத்த பலகையில் கருகல் இல்லை. அந்த மூன்று பிளேடும் இன்னும் ஆணியில் தொங்குகின்றன. சாணை பிடித்து மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

பிளேடுக்குச் சொன்னது, பலகையை ஒட்டித் தள்ளுகிற கைடுக்கும் பொருந்தும். அதை நான் வயிற்றில் அடி வாங்கிக் கற்றேன். கைடின் பின்முனை பிளேடு பக்கம் சற்றே சாய்ந்திருந்தது. பலகை இரண்டுக்கும் நடுவில் இறுகியது. பின்பக்கப் பற்கள் மேலெழும்பி வருபவை; பலகையைத் தூக்கி என் மேலேயே எறிந்தன. பத்து நாள் தொப்புளுக்குப் பக்கத்தில் நீலம் கட்டியிருந்தது. இப்போது கைடின் பின்முனையை ஒரு விசிட்டிங் கார்டு கனம் விலக்கியே வைக்கிறேன். பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய தகட்டை முன்பு யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். அதையும் லேத் பட்டறையில் வெட்டி வாங்கி மாட்டினேன். என் பிளேடின் வெட்டு 3.2 மி.மீ., பிளேடின் உடல் 2.2. இரண்டுக்கும் இடைப்பட்ட 2.5 மி.மீ. தகடு போட்டால் பலகையும் தடைப்படாது, அறுத்த வாயும் மூடிக்கொள்ளாது.

மோட்டார் விஷயத்தில் ஏமாந்தே போயிருப்பேன். ஒரு நாள் 'உம்ம்' என்று முனகியதே தவிர, சுற்றவில்லை. கையால் ஒரு சுற்று விட்டால் ஓடும். (அப்படி விட்டது மடத்தனம், செய்யாதீர்கள்.) தூக்கிக்கொண்டு போன கடையில், "காயில் எரிஞ்சிருச்சு, புதுசாத்தான் கட்டணும்" என்றார்கள். காயில் எரிந்தால் ஒரு வாடை வரும், இதில் அது இல்லை. மனசு கேட்காமல் இன்னொரு வயதான மிஸ்திரியிடம் போனேன். மூடியைத் திறந்து, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, உள்ளே காட்டினார். "தம்பி, பாரு. காயிலு கல்லு மாதிரி இருக்கு. பாயிண்ட்டுக்கு நடுவுல உன் தேக்குத்தூளு." மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டித்துவிடும் சுவிட்ச் ஒன்று உள்ளே இருக்கிறது. அதன் பாயிண்ட்டுகளுக்கு இடையில் தூள் அடைந்து, அவை சேரவே இல்லை. ஊதி, ஜீரோ பேப்பரால் தேய்த்து மாட்டினார். டீக்கு மட்டும்தான் காசு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மேஜைக்கு அடியில் தூள் அள்ளாமல் பட்டறையைப் பூட்டுவதில்லை.

பழைய மரம் அறுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைக் கழற்றி நூலில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அறுக்கும் முன் உத்தரத்தின் மேல் மெல்ல இழுத்தால் புதைந்த ஆணியின் பக்கம் சாயும். ஆழத்தில் இருப்பது சிக்காது. ஆனாலும் என் பிளேடில் பல் உடைவது பாதிக்கு மேல் குறைந்தது. மேஜைத் துருவுக்கு மண்ணெண்ணெயும் எமரித் தாளும், அதன் மேல் மெழுகுவத்தி தேய்த்தால் போதும். பிளேடில் ஒட்டும் பிசினைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே பாதிக் கூர் திரும்பி வந்தது போலிருக்கும்.

2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது நடந்ததை இன்னும் மறக்கவில்லை. அறுத்துக்கொண்டிருக்கையில் கரண்ட் போனது. பாதி அறுத்த கட்டையை வெளியே எடுக்கத் தம்பி பிளேடு பக்கம் கையைக் கொண்டுபோனான். "இருடா" என்று நான் கத்தியதும் கையை இழுத்ததும் மெஷின் தானாகக் கிளம்பியதும் ஒரே நொடியில் முடிந்தன. நாங்கள் வெறும் சுவிட்சில் ஓட்டிக்கொண்டிருந்தோம், அதை யாரும் அணைக்கவில்லை. மறுநாளே கிணற்று மோட்டாருக்கு மாட்டுகிற பச்சை, சிவப்புப் பொத்தான் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். கரண்ட் போனால் அதிலுள்ள நோ-வோல்ட் காயில் விட்டுவிடும். மறுபடி பச்சையை அமுக்கினால்தான் ஓடும். உங்கள் பட்டறை ரம்பம் இன்னும் வெறும் சுவிட்சில் ஓடுகிறதென்றால், பேரிங்கையும் கைடையும் அப்புறம் பார்க்கலாம், முதலில் ஸ்டார்ட்டரை மாட்டுங்கள். கரண்ட் வந்ததும் தானாகக் கிளப்பிவிடும் 'ஆட்டோ' வைத்தது வேண்டாம்.