பசித்தவர் பார்க்கும் பக்கம்

நுழையும்முன்

உணவு இருக்கிறது, உணவு தேவைப்படுவோரும் இருக்கின்றனர். இருவருக்கும் இடையே ஓர் இணையப் பக்கம் நிற்கிறது. அப்பக்கம் வழிகாட்டுகிறதா, வழிமறிக்கிறதா என்பதைப் பயன்படுத்துவோரே அறிவர். அமெரிக்காவில் உணவு உதவி குறித்த இணைய வழிகாட்டிகளைச் சோதித்துப் பார்க்கும் மாணவத் தன்னார்வலரின் பணியை இப்பாடம் விளக்குகிறது.

அமெரிக்காவில் உணவு உதவி இரு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று அரசு வழி. 1964ஆம் ஆண்டின் உணவு முத்திரைச் சட்டத்தால் நிலைபெற்ற அத்திட்டம், 2008ஆம் ஆண்டு முதல் ‘ஸ்நாப்’ என வழங்கப்படுகிறது. நம் நியாயவிலைக் கடைபோல அரிசியும் பருப்பும் அளந்து தரும் முறையன்று அது. மின்னணு அட்டையொன்றில் மாதந்தோறும் தொகை சேரும். அதைக்கொண்டு கடைகளில் உணவுப்பொருள் வாங்கிக்கொள்ளலாம். மற்றொன்று மக்கள் வழி. 1967இல் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய செயின்ட் மேரி உணவு வங்கி இவ்வகையில் முன்னோடியாகும். இன்று ஏறத்தாழ 200 உணவு வங்கிகள் ஒரே கூட்டமைப்பில் இணைந்துள்ளன.

‘உணவு வங்கி’ என்னும் பெயரிலேயே முதல் இடர் தொடங்குகிறது. பெரும்பாலான உணவு வங்கிகள் கிடங்குகளே. அங்கிருந்து தேவாலயங்கள், பள்ளிகள், சமுதாயக் கூடங்கள் ஆகியவற்றில் இயங்கும் சிறு வழங்கிடங்களுக்குப் பொருள்கள் செல்கின்றன. மக்கள் உணவு பெறுவது அச்சிறு இடங்களில்தான். இவ்வேறுபாட்டை அறியாத ஒருவர், வங்கியின் முகவரியைப் பார்த்து இரண்டு பேருந்து மாறிச் சென்றால், சரக்குந்துகள் நிற்கும் வாயிலைத்தான் காண்பார். எழுதியவருக்கு நன்கு தெரிந்த செய்தி என்பதாலேயே அது பக்கத்தில் எழுதப்படாமல் விடுபட்டிருக்கும்.

கேட்பதும் கேளாதிருப்பதும்

சோதனையில் ஈடுபடும் மாணவர், “இந்தப் பக்கம் நன்றாக இருக்கிறதா?” என்று கேட்பதில்லை. அவ்வாறு கேட்டால் பெரும்பாலோர் மரியாதை கருதி “நன்றாக இருக்கிறது” என்றே கூறுவர். மாறாக, ஒரு சூழலைத் தருவர்: “நாளை மாலைக்குள் இரண்டு குழந்தைகளுக்கு உணவு வேண்டும், உங்களிடம் மகிழுந்து இல்லை, எங்கே, எப்போது செல்வீர்கள்?” பின்னர்த் திறன்பேசியை அவர் கையில் கொடுத்து, மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லும்படி வேண்டுவர். இதற்கு ‘உரக்கச் சிந்தித்தல்’ என்று பெயர்.

அதன்பின் மாணவர் செய்யவேண்டியது மிகக் கடினமானது: பேசாதிருத்தல். எதிரில் இருப்பவர் தேடுகின்ற இணைப்பு அவர் கண்முன்னேயே இருக்கும். விரல் தவறான இடத்தில் அலையும். “அதோ, கீழே” என்று சொல்லிவிட்டால் அவருக்கு உதவியாகும். ஆனால், அக்குறை பக்கத்திலேயே தங்கிவிடும். வீட்டில் தனித்திருந்து தேடுபவருக்கு “அதோ” என்று சொல்ல எவருமில்லை.

தொடங்கும்போதே ஒன்றைத் தெளிவுபடுத்துவர்: “சோதிக்கப்படுவது பக்கம்தான், நீங்கள் அல்லர்.” உணவுக்கு உதவி கேட்பதிலேயே பலருக்கு நாணம் உண்டு. அதன்மேல் ‘எனக்குப் படிக்கத் தெரியவில்லை’ என்னும் எண்ணமும் சேர்ந்தால், அவர் பக்கத்தை மூடிவிடுவார்.

தெரிந்து தெளிவோம்

5 பயனர்களைக் கொண்டு சோதித்தாலே பயன்பாட்டுக் குறைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்படும் என்று ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார். பயனர்கள் வெவ்வேறு வகையினராயின் ஒவ்வொரு வகையினரையும் தனித்தனியே சோதிக்கவேண்டும் என்பதும் அவர் கருத்து.

ஒரு சொல்லின் விலை

குறைகள் பல தோற்றத்தில் சிறியவை. ‘செவ்வாய், 10 முதல் 12 வரை’ என்று மேலே இருக்கும். மாதத்தின் இரண்டாம், நான்காம் செவ்வாய்க்கிழமைகள் மட்டுமே என்பது பக்கத்தின் அடியில் கிடக்கும். அட்டவணை, சிறுதிரையில் விரித்து விரித்துப் படிக்கவேண்டிய கோப்பாக இருக்கும்.

சொற்களால் விளையும் குறை இவற்றினும் ஆழமானது. ஸ்நாப் விண்ணப்பம் ‘உங்கள் வீட்டில் எத்தனை பேர்?’ என்னும் பொருள்பட வினவுகிறது. அத்திட்டத்தில் ‘வீட்டார்’ எனப்படுவோர், பொதுவாக, ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாகப் பொருள் வாங்கிச் சமைப்போரே. ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனித்தனியே சமைக்கும் மூன்று தொழிலாளர் மூன்று வீட்டாராகக் கருதப்படலாம். ஆனால், கணவனும் மனைவியும், பெற்றோருடன் வாழும் 22 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் தனியே சமைத்தாலும் ஒரே வீட்டாரே. இவ்விளக்கமின்றி அத்தொழிலாளர்களுள் ஒருவர் ‘மூன்று’ என்று விடையளித்தால், மற்ற இருவரின் வருமானமும் அவர் கணக்கில் சேர்ந்து, உதவியே கிடைக்காமற் போகலாம். அகராதியில் எளிதாக இருக்கும் சொல், சட்டத்தில் எளிதாக இருப்பதில்லை.

திரைகளின் எண்ணிக்கையும் ஒரு தடையே. கலிபோர்னியாவின் சில மாவட்டங்களில் வழங்கிய இணைய விண்ணப்பம் 50க்கும் மேற்பட்ட திரைகளைக் கொண்டிருந்தது. திறன்பேசிக்கு ஏற்றதாகவும் இல்லை. 2009இல் தொடங்கப்பட்ட ‘கோட் ஃபார் அமெரிக்கா’ என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு, விண்ணப்பிப்போரின் இடர்ப்பாடுகளை அருகிருந்து கண்டறிந்து, ஏறத்தாழ 10 நிமிடங்களில் திறன்பேசியிலேயே நிரப்பத்தக்க ‘கெட் கால்ஃபிரெஷ்’ என்னும் சேவையை உருவாக்கியது.

மாணவர் எங்கே நிற்கின்றனர்?

விரைவான இணையமும் பழகிய கைகளும் உடைய மாணவர் தமக்குள்ளேயே சோதித்துக்கொண்டால், பக்கம் எளிதில் தேறிவிடும். ஸ்பானிய மொழி மட்டும் அறிந்தவர், கண் மங்கிய முதியவர், இரவுப்பணி முடித்துவந்தவர் ஆகியோரிடம் செல்லாத சோதனை அரைச்சோதனையே. எனினும், மாணவர் எல்லாரும் வெளியாரும் அல்லர். பாதி நேரத்துக்குக் குறையாமல் உயர்கல்வி பயிலும் 18 முதல் 49 வயது வரையுள்ளோர், வாரம் 20 மணி நேர ஊதியப்பணி போன்ற விலக்குகளுள் ஒன்றேனும் பொருந்தினாலன்றி ஸ்நாப் பெற இயலாது. அவ்விதியைப் பக்கம் தெளிவாகச் சொல்கிறதா என்று பார்க்கும் மாணவர்களுள் சிலர், அதைத் தமக்காகவும் படிக்கின்றனர்.

குறை திருத்தப்பட்டபின் மறுசோதனைக்குப் புதியவர்களே அழைக்கப்படுகின்றனர். முன்பு தடுமாறியவருக்கு வழி பழகியிருக்கும். ஒவ்வொரு வழங்கிடத்துக்கும் தொலைபேசியில் பேசி, நேரமும் நாளும் சரிபார்த்து, ‘கடைசியாகச் சரிபார்த்த நாள்’ என்று பக்கத்தின் தலைப்பில் எழுதுகின்றனர். இணையம் வாய்க்காதவருக்காக, சமூகநல உதவித் தகவலுக்கென 2000ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்ட 211 என்னும் எண்ணையும் அதனருகே பெரிய எழுத்தில் இடுகின்றனர். அடுத்த பருவத்தில் வழங்கிடங்களின் நேரம் மாறும். அப்போது தொலைபேசியை எடுப்போர் அடுத்த அணி மாணவர்.