கணினி அடிக்கடி முடங்குகிறதா? காரணத்தைக் கண்டறியும் வழி

வினாத்தாள் தயாரித்தல், எமிஸ் தளத்தில் பதிவுகள், பாடத்துக்கான காணொலிகளைத் தொகுத்தல் என ஆசிரியரின் பள்ளி வேலையில் ஒரு பகுதி இப்போது வீட்டுக் கணினியிலும் நடக்கிறது. அந்தக் கணினி வேலைக்கு நடுவே திடீரென அணைந்தாலோ, நீலத்திரையைக் காட்டிவிட்டுத் தானே மீண்டும் தொடங்கினாலோ, இரண்டு மணி நேர உழைப்பு நொடியில் போய்விடும். இது வாரத்துக்கு மூன்று நான்கு முறை நடந்தால் பலரும் உடனே செய்வது இரண்டில் ஒன்று: விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது, அல்லது யாராவது சொல்லும் பாகத்தை வாங்கி மாற்றுவது. காரணம் தெரியாமல் செய்தால், பணமும் கோப்புகளும் போன பிறகும் கோளாறு அப்படியே இருக்கலாம்.

மாணவர் ஒருவர் கழித்தல் கணக்கில் தொடர்ந்து பிழை செய்தால், முழுப் பாடத்தையும் முதலிலிருந்து நடத்துவதில்லை. இடமதிப்பில் பிழையா, கடன் வாங்குவதில் பிழையா என்று குறையறி சோதனை வைத்துப் பார்க்கிறோம். கணினிக்கும் அதே முறை பொருந்தும்.

1. முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

கோளாறு வன்தட்டில் இருந்தால், கணினியை அடுத்த முறை இயக்கும்போது அது திறக்காமலே போகலாம். எனவே எந்தச் சோதனைக்கும் முன்பாக மதிப்பெண் பட்டியல், வினாத்தாள்கள், நிழற்படங்கள் ஆகியவற்றை வெளி வன்தட்டிலோ பென்டிரைவிலோ நகலெடுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புக் குறியீட்டையும் எழுதி வையுங்கள். பழுதுபார்க்கும்போது கணினி அதைக் கேட்கக்கூடும்.

2. குறிப்பேடு தொடங்குங்கள்

ஒவ்வொரு முறை முடங்கும்போதும் ஐந்து விவரங்களை எழுதுங்கள்: நாளும் நேரமும், இயக்கி எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, என்ன வேலை நடந்தது, திரையில் என்ன தோன்றியது, அண்மையில் என்ன மாற்றப்பட்டது. திரையில் செய்தி வந்தால் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2025இல் வந்த புதுப்பிப்புக்குப் பின் விண்டோஸ் 11இல் இது கருப்புத் திரையாகத் தோன்றுகிறது.

கணினியும் தன் பங்குக்குக் குறிப்பு எழுதுகிறது. தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், எந்த நாளில் எது பழுதானது, எந்த மென்பொருள் நிறுவப்பட்டது என்ற நாள்வரிசை கிடைக்கும். ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவைக் கண்டு மின்வழங்கி பழுது என்று முடிவு செய்துவிட வேண்டாம். கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது.

3. அறிகுறி எந்தப் பக்கம் கைகாட்டுகிறது?

• எந்தச் செய்தியும் இன்றி, விளக்கை அணைத்தது போல் நின்றால்: வெப்பம், எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி, யுபிஎஸ் மின்கலம், தளர்ந்த மின்கம்பி.

• நீலத்திரை வந்தால்: டிரைவர் மென்பொருள், ரேம் நினைவகம், வன்தட்டு. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்ற குறியீடு வந்தால் நினைவகச் சோதனையிலிருந்தும், 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்று வந்தால் திரைக்கான டிரைவரிலிருந்தும் தொடங்கலாம். குறியீடு தொடங்கும் இடத்தைக் காட்டும். அதையே தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

• படம் உறைந்து, சுட்டியும் நகராவிட்டால்: வன்தட்டு, வெப்பம், டிரைவர். வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்று ஒலி கேட்டால் மேற்கொண்டு இயக்காதீர்கள்.

• ஒரே ஒரு மென்பொருள் மட்டும் மூடிக்கொண்டு மற்றவை ஓடினால்: அந்த மென்பொருளைப் புதுப்பித்தாலே பெரும்பாலும் போதும்.

4. மென்பொருளா, வன்பொருளா?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்து, அங்கே வரும் பட்டியல் வழியாக சேஃப் மோடுக்குச் செல்லுங்கள். இம்முறையில் மிக அவசியமான டிரைவர்கள் மட்டுமே ஏறும். இங்கே பல மணி நேரம் முடங்காமல் ஓடினால், பிற்பாடு நிறுவிய டிரைவரையோ மென்பொருளையோ சந்தேகிக்கலாம். அடுத்து, பென்டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸைக் கொண்டு கணினியை இயக்கிப் பாருங்கள். விண்டோஸே இல்லாத நிலையிலும் முடங்கினால், வன்பொருளில்தான் கோளாறு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் கணினிகள் நீலத்திரை காட்டி, மீண்டும் மீண்டும் தொடங்கி நின்றன. பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அந்தக் கணினிகளின் வன்பொருளில் எந்தப் பழுதும் இல்லை. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்புக் கோப்பு ஒன்றே காரணம். பல கணினிகளில் சேஃப் மோடுக்குச் சென்று அந்தக் கோப்பை நீக்கியதும் கோளாறு தீர்ந்தது. காரணம் தெரியாமல் பாகங்களை மாற்றியிருந்தால் எத்தனை மாற்றினாலும் பயன் இருந்திருக்காது.

5. வன்பொருளைச் சோதித்தல்

வெப்பம்: நுண்செயலிகள் பலவும் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் கணினி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, விசிறியிலும் காற்றுத் துளைகளிலும் படிந்த தூசியைத் தூரிகையால் நீக்குங்கள். மடிக்கணினியை மெத்தை மீது வைத்து இயக்காதீர்கள்.

நினைவகம்: கணினியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னூட்டத்தை இறக்கிய பின், ரேமைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம்கள் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்து இயக்குங்கள். விண்டோஸிலேயே நினைவகச் சோதனை வசதி உண்டு. அதை இரவில் ஓடவிடலாம்.

மின்சாரம்: வேறு மின்இணைப்பில், யுபிஎஸ் இல்லாமல் நேரடியாக இயக்கிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். இணைப்பைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் இருக்கும். மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ வேண்டாம். உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள்.

இவை அனைத்திலும் ஒரு விதி பொதுவானது: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ரேமையும் மாற்றி, டிரைவரையும் புதுப்பித்தால், கோளாறு தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. முன்பு மூன்று நாளுக்கு ஒருமுறை முடங்கிய கணினி ஒரு நாள் ஓடியதைக் கொண்டு குணமாகிவிட்டது என்று முடிவு செய்யவும் முடியாது. குறைந்தது ஒரு வாரமாவது பாருங்கள்.

6. வகுப்பறைச் செயல்பாடு

உயர்நிலை, மேல்நிலை மாணவர்களுக்கு இந்தக் குறிப்பேட்டைக் கரும்பலகையில் எழுதிக் கொடுக்கலாம்.

திங்கள் காலை 7 மணி: தட்டச்சு, 2 மணி நேரம். முடங்கவில்லை.
செவ்வாய் பிற்பகல் 3 மணி: காணொலித் தொகுப்பு. 20 நிமிடத்தில் அணைந்தது, செய்தி இல்லை.
செவ்வாய் பிற்பகல் 3.25: உடனே இயக்கி அதே வேலை. 5 நிமிடத்தில் அணைந்தது.
புதன் காலை 7 மணி: காணொலித் தொகுப்பு. 50 நிமிடத்தில் அணைந்தது.

வினாக்கள்: திங்களையும் புதனையும் ஒப்பிட்டால் எது மாறியது, எது மாறவில்லை? செவ்வாயன்று இரண்டாம் முறை ஏன் விரைவில் அணைந்தது? அடுத்து எந்த ஒரு சோதனையைச் செய்வீர்கள்?

திங்கள், புதன் இரண்டும் ஒரே நேரம். வேலை மட்டும் வேறு. எனவே கணினி கடுமையாக உழைக்கும்போதுதான் அணைகிறது. புதன், செவ்வாய் இரண்டிலும் ஒரே வேலை. வெயில் நேரத்தில் விரைவில் அணைகிறது. சூடு தணியும் முன் மீண்டும் இயக்கியபோது இன்னும் விரைவு. மூன்றும் வெப்பத்தையே சுட்டுகின்றன. தூசி நீக்கிய பின், அதே பிற்பகல் 3 மணிக்கு அதே வேலையைச் செய்து பார்ப்பதே அடுத்த சோதனை. அப்போதும் 20 நிமிடத்தில் அணைந்தால் விசிறி சுழல்கிறதா என்று பார்த்துவிட்டு மின்வழங்கிக்குச் செல்லலாம். அறிவியல் பாடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்று நாம் கற்பிப்பது இதைத்தான்.

வன்தட்டு, மின்வழங்கி, தாய்ப்பலகை ஆகியவற்றில் பழுது என்று தெரிந்தால் பழுதுநீக்குநரிடம் செல்லுங்கள். குறிப்பேட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பாகத்தை, ஏன் மாற்ற வேண்டும் என்று அவரிடம் கேட்கவும், அவர் சொல்லும் காரணம் குறிப்பேட்டுடன் பொருந்துகிறதா என்று பார்க்கவும் அது உதவும்.