நாசில் பழுதுபார்த்தபின் டிராக்டர் சீராய் ஓடாமை

மூன்று அல்லது நான்கு சிலிண்டருள்ள டிராக்டரில் நாசில்களைப் பழுதுபார்த்து மறுபடி பூட்டியபின், யந்திரம் முன்னிலும் மோசமாய் நடுங்கி, விட்டுவிட்டு ஓடுவதுண்டு. மெக்கானிக்குகள் இதை மிஸ்ஸிங் என்பர். சொந்தக்காரர் உடனே டீசல் பம்பின்மேல் சந்தேகங்கொண்டு அதைக் கழற்றச் சொல்லுகிறார். உழவு நாளில் வண்டி நிற்பதோடு பணமும் விரயமாகிறது. பம்பு கடைசியாய்த் திறக்கவேண்டிய பாகம். குற்றம் பெரும்பாலும் கடைசியாய்க் கைவைத்த இடத்திலேயே இருக்கும்.

டீசல் யந்திரத்தில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரில் இறுக்கப்பட்டுச் சூடேறிய காற்றில், நாசில் வழியாய்த் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றுகிறது. பழைய மாதிரி யந்திரங்களில் நாசில் திறப்பதற்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு வேண்டும். குழாயில் காற்றுக் குமிழி நின்றால், பம்பின் அழுத்தம் அதைச் சுருக்குவதிலேயே போய்விடும், நாசில் திறவாது. ஆகையால் முதலில் காற்றெடுக்க வேண்டியது. பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வருமட்டும் கைப்பம்பை அழுத்தி இறுக்குக. பின்பு நாசில் பக்கத்துக் குழாய் நட்டுகளைச் சிறிது தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்றி, டீசல் கசிந்ததும் இறுக்குக.

இதற்கும் தீராவிடில், எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறியவேண்டும். யந்திரம் மெதுவாய் ஓடுகையில் ஒவ்வொரு நாசிலின் குழாய் நட்டையும் ஒவ்வொன்றாய்த் துணி போர்த்தித் தளர்த்திப் பார்த்து, உடனே இறுக்குக. எதைத் தளர்த்தியும் ஓசை மாறவில்லையோ அதுவே குற்றமுள்ளது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லக்கூடியது. புள்ளியளவு காயமாயினும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காமன் ரெயில் உள்ள புது வண்டிகளில் அழுத்தம் பன்மடங்கு அதிகம். அவற்றில் இச்சோதனை அறவே கூடாது.

இனி, அந்த நாசிலை அடுத்த சிலிண்டரின் நாசிலோடு இடம் மாற்றுக. குற்றம் நாசிலோடு கூடப்போனால், அதைப் பட்டறைக்குத் திருப்புவதில் நியாயமுண்டு. பழைய இடத்திலேயே நின்றால், நாசில் அமரும் குழியை விளக்கு வைத்துப் பார்க்கவேண்டும். பழைய செம்பு வாஷர் அடியில் ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதையும் போட்டுவிடுவது சாதாரணமாய் நேர்வது. அப்போது நாசில் முனை உயர்ந்துநின்று, தெளிப்பு வேண்டிய இடத்தில் படாது. வாஷரே இல்லாவிடில் வாயு கசிந்து சுற்றிலும் கரி பிடிக்கும். இரண்டு நட்டுகளையும் சமமாய் இறுக்காமல் ஒருபுறமே இறுக்கினால், நாசில் கோணி உள்ளூசி சிக்கிக்கொள்ளும். குழாய்கள் இடம் மாறியுள்ளனவா என்பதையும் பார்க்கவேண்டும். இவையெல்லாம் சரியாயிருந்தால் மட்டுமே வால்வுகளையும் பம்பையும் சோதிப்பது முறை.

புகையும் குறிப்புத் தரும். டீசல் நாற்றமுள்ள வெண்புகை, டீசல் உட்சென்றும் பற்றவில்லை என்பதைக் காட்டும். கரும்புகையும் தட்டும் ஓசையும் சேர்ந்துவந்தால் நாசில் சொட்டுகிறதென்று ஐயுறலாம். இத்தகைய வண்டியை, ஓடுகிறதே என்று ஓட்டுவது மிகுந்த நஷ்டம் தரும். பிஸ்டன் தலை கருகி ஓட்டை விழக்கூடும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு எஞ்சின் ஆயிலில் இறங்கும். அளவுக்கோலில் ஆயில் மட்டம் ஏறியிருந்து டீசல் வாடையும் அடித்தால், நாசிலைச் சரிசெய்து ஆயிலையும் மாற்றியபின்னரே வண்டியை வயலில் இறக்கவேண்டியது.