பெயின்ட் ஏன் ஒட்டுகிறது?

என் பழைய காரின் முன்பக்க மட்கார்டு ஒருமுறை நசுங்கிவிட்டது. புதியதை வாங்கி, வீட்டிலேயே பெயின்ட் அடிக்கத் துணிந்தேன். அடித்த சில நொடிகளிலேயே ஈரப் பெயின்டில் வட்டவட்டமாகக் குழிகள் தோன்றின. பெயின்டில் குறையா? இல்லை. காருக்கு மெருகேற்றிய பழைய துணியால் தகட்டைத் துடைத்திருந்தேன். தவறு அங்கேதான்!

ஏன் என்று அறிய ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடித் தட்டு ஒன்றைச் சோப்பால் கழுவி, நன்றாக அலசி, உலர்த்துங்கள். ஒரு பாதியில் மட்டும் எண்ணெய் பட்ட விரலால் தேயுங்கள். இப்போது இரு பாதிகளிலும் ஒவ்வொரு துளி நீர் விடுங்கள். சுத்தமான பாதியில் துளி பரவுகிறது. எண்ணெய் பட்ட பாதியில் குவிந்து நிற்கிறது.

காரணம் என்ன? நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பது ஓரினக் கவர்ச்சி. கண்ணாடி நீரை ஈர்ப்பது வேறினக் கவர்ச்சி. பின்னது மிகுந்தால் திரவம் பரவும். குறைந்தால் பரப்பு இழுவிசை அதைக் குவித்துவிடும். பெயின்டும் ஒரு திரவமே. மெருகுப் பசைகள் பலவற்றில் சிலிக்கோன் உண்டு. அது ஒட்டிய புள்ளிகளில் பெயின்ட் பரவாமல் விலகும். என் தகட்டில் விழுந்த குழிகள் அவையே.

மறுமுறை முறைப்படி செய்தேன். முதலில், மெழுகையும் எண்ணெயையும் நீக்கும் திரவத்தால் தகட்டைத் துடைத்தேன். துடைக்கும் முன்பே தேய்த்தால் அழுக்கு கீறல்களுக்குள் புகுந்துவிடும். பிறகு 400 எண் நீர்த்தாளால், பளபளப்பு மங்கும்வரை தேய்த்தேன். நுண்ணிய கீறல்கள் தொடுபரப்பை அதிகரித்து, பெயின்டுக்குப் பிடிப்பைத் தருகின்றன. கழுவும்போது நீர் எங்கும் உடையாமல் ஒரே படலமாக வழிந்தது. தகடு தயார் என்பதற்கு அதுவே சான்று. உடனே ஈரம் போக உலர்த்தி, பிரைமர் அடித்தேன்.

வெற்று இரும்பு தெரியும் இடத்தைப் பிரைமர் இன்றி விடக்கூடாது. இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். துரு, தான் உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே அது மேலிருக்கும் பெயின்டை உப்பச் செய்து பெயர்த்துவிடும்.

வண்ணத்தை ஒரே பூச்சாகத் தடிமனாக அடிக்காதீர்கள். புவியீர்ப்பால் அது வழிந்துவிடும். மெல்லிய பூச்சுகளாக, இடையிடையே உலரவிட்டு அடிக்க வேண்டும். மழை நாளும் ஆகாது. கரைப்பான் ஆவியாகும்போது தகட்டிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. தகடு பனிநிலைக்குக் கீழே குளிர்ந்தால் காற்றிலுள்ள நீராவி அதன்மேல் படிந்து, சிலவகைப் பெயின்டுகளை வெளுக்கச் செய்யும்.

ஓர் எச்சரிக்கை! கடினமாக்கி கலந்து அடிக்கும் பெயின்டுகள் பலவற்றில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் உண்டு. அது மூச்சுக்குழாயைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். அவற்றை வீட்டில் தெளிக்கவே கூடாது. மற்றவற்றையும் பெரியவர் துணையுடன், திறந்த வெளியில், தக்க முகமூடி அணிந்து, நெருப்பு அருகில் இல்லாதபோதே அடிக்க வேண்டும்.

காரின் மேலுள்ள பெயின்ட் படலம் முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். ஆனால் அது நிலைத்து நிற்குமா என்பதை, அதற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்கே முடிவு செய்துவிடுகிறது. அதைக் காட்டிக்கொடுக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் போதும்.